இரண்டு பேருக்குப் போதுமான வீடு

நாலாம் மாதத்துக்குக் கேரட். வெறும் கேரட்தான், வேகவைத்து மசித்து, உள்ளங்கையில் அடங்குகிற கண்ணாடிப் புட்டியில் அடைத்து, மூடியில் பெரிதாக 4 என்று போட்டிருந்தார்கள். ஆறாம் மாதத்துக்கு அதே கேரட்டோடு உருளைக்கிழங்கு. எட்டாம் மாதத்துக்குக் கோழி, பட்டாணி, அரிசியா சேமியாவா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று. அப்புறம் பத்து. அப்புறம் பன்னிரண்டு. ஜெர்மன் மொழியில் ஒரு எழுத்துப் புரியாவிட்டாலும் எண் புரிகிறது, அதுவரைக்கும் நல்லது என்று நினைத்துக்கொண்டு ஜெசிந்தா அலமாரியின் இடது கோடியிலிருந்து வலது கோடிக்கு நடந்தாள். எட்டாம் மாதத்திலிருந்து பன்னிரண்டாம் மாதத்துக்குப் போக மூன்றே தப்படிதான் ஆனது. பன்னிரண்டோடு பிள்ளைகள் முடிந்துபோய், அடுத்து பூனைத் தீனி ஆரம்பித்தது. அவள் திரும்பி வந்து எட்டின் முன்னால் நின்றாள். மகள் லிடியாவுக்குப் போன செவ்வாயோடு எட்டு முடிந்தது. லிடியா இங்கே இல்லை. லிடியா தூத்துக்குடியில், கிளீட்டஸின் அம்மா மடியில், இந்நேரம் குளித்துப் பவுடர் பூசிக்கொண்டு வாயில் எச்சில் குமிழி விட்டுக்கொண்டிருப்பாள். இங்கே மணி இரண்டு, அங்கே ஐந்தரை. திங்கட்கிழமை வந்து இறங்கியதிலிருந்து ஜெசிந்தாவின் தலைக்குள் இரண்டு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, எது இந்த ஊர்க் கடிகாரம் எது அந்த ஊர்க் கடிகாரம் என்று சில நேரம் குழம்பியும்போனது. கிளீட்டஸ் வேலை பார்க்கும் காற்றாலைக் கம்பெனி டிசம்பரில் அவனை இந்த டோர்ட்முண்ட் நகரத்துக்கு மாற்றுகிறது. அதற்கு முன்னால் ஒரு வாரம் போய் வீடு பாருங்கள், கடைகண்ணி பாருங்கள் என்று புருஷன் பெண்சாதி இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டு அனுப்பியிருந்தது. பகல் முழுக்க அவனுக்கு ஆபீசில் பயிற்சி. கடைகண்ணி அவள் பங்கு. கைப்பையில் ஒரு குட்டி நோட்டு வைத்திருந்தாள். பிள்ளைக்கு என்னென்ன வேண்டும் என்று ஊரிலேயே எழுதிக்கொண்டு வந்தது. பச்சரிசி, பாசிப்பருப்பு, நெய், காய்ச்சலுக்கு மருந்து, பேதிக்கு உப்புச்சர்க்கரைப் பொடி. கிடைத்ததற்கெல்லாம் ஒரு டிக். பாடம் எழுதாத பிள்ளையைக் கான்வென்ட் சிஸ்டர் பிடித்துவிடுவாரோ என்பதைப்போல, கூட வர முடிவாகாத பிள்ளைக்கு அவள் நாலு நாளாக டிக் போட்டுக்கொண்டிருந்தாள்.

கூட வர முடிவாகாத பிள்ளை என்றுகூடச் சொல்ல முடியாது. வரவேண்டாம் என்று முடிவாகிவிட்ட பிள்ளை. முடிவு செய்தது யார் என்று கேட்டால் யாருமில்லை. இரண்டு வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சீலா மீன் குழம்பும் சோறுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அது தானாகவே முடிவாகிவிட்டது. "பிள்ளை ஒரு வருஷம் எங்கிட்ட இருக்கட்டும், நீங்க ரெண்டு பேரும் போயி வீடு வாசல்னு நிலைச்சுக்கிடுங்க, அடுத்த டிசம்பருக்கு வந்து தூக்கிட்டுப் போங்க" என்று அத்தை சொன்னாள். மாமா தலையாட்டினார். கிளீட்டஸ் முள்ளை எடுத்துத் தட்டோரத்தில் வைத்துக்கொண்டே, "உனக்கும் அதானே சரி, ஜெசி?" என்றான். "சரிங்க" என்றாள். இவள் எதற்குத்தான் சரி சொல்லவில்லை. கான்வென்ட்டில் தமிழ் பேசினால் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அடுத்துத் தமிழ் பேசுகிற பிள்ளையைக் காட்டிக்கொடுத்தால் அது அவள் கழுத்துக்குப் போகும். ஆறாம் வகுப்பில் ஜெசிந்தா அதை ஒரு வாரம் முழுக்கப் போட்டுக்கொண்டு அலைந்தாள். சுற்றியிருந்த அத்தனை பேரும் தமிழில் குசுகுசுத்துக்கொண்டுதான் இருந்தார்கள், அவளுக்கு யார் பெயரையும் சொல்ல வாய் வரவில்லை. சிஸ்டர் லுமினா, "வாட் அ குட் கேர்ள்" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுக் கடைசியில் அவரே கழற்றிவிட்டார். நல்ல பெண் என்றால் அதுதான் போலிருக்கிறது, யாராவது கழற்றிவிடும்வரை போட்டுக்கொண்டிருப்பது. ஆனால் அது மட்டும்தானா. மீன் குழம்பின் முன்னால் சொன்ன அந்த சரிங்கவுக்குள் ஒரு நிம்மதியும் இருந்ததே. ஒரு மூட்டையைத் தலையிலிருந்து யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி கழுத்து லேசாகியதே. சாமியாரிடம் போய்ச் செய்த பாவசங்கீர்த்தனத்தில்கூட அவள் அதைச் சொல்லவில்லை. இதை எந்தக் கட்டளைக்குக் கீழே சேர்ப்பது என்று தெரியவில்லை.

ஒன்றும் வாங்காமல் வெளியே போனால் திருட வந்தவள் என்று நினைப்பார்களோ என்று பயமாக இருந்ததால் எட்டாம் மாதத்துப் புட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். நின்றால் நெஞ்சு கனத்தது. கனம் என்றால் துக்கத்தைச் சொல்லவில்லை, பால். நேற்று ராத்திரியிலிருந்து கறக்கவில்லை. முதல் மூன்று நாளும் காலையும் ராத்திரியும் ஹோட்டல் குளியலறையில் நின்று கையால் பீய்ச்சி வெள்ளைத் தொட்டியில் ஊற்றினாள். வெள்ளையில் வெள்ளை ஊற்றினால் ஒன்றுமே ஊற்றாத மாதிரி இருந்தது, அப்படியிருந்தும் டிபன் டப்பாவில் சோறு மிச்சம் வைத்த நாட்களின் குற்ற உணர்ச்சி வந்து உட்கார்ந்துகொண்டது. நேற்று அத்தை ஃபோனில், "ஏட்டி, இன்னுமா கறந்துக்கிட்டு இருக்க? கறக்கக் கறக்க ஊறத்தான் செய்யும். அப்படியே விடு. அங்க நம்மாளுக கடை இருந்தா மல்லிகைப்பூ வாங்கி, ரெண்டு பக்கமும் உள்ளுக்குள்ள வச்சு இறுக்கக் கட்டு. மூணு நாள்ல பால் வத்திரும். பிள்ளை புட்டியில ஜம்முனு குடிக்கா, உன்னைத் தேடவே இல்ல. நீ வந்து மறுபடி குடுத்துப் பழக்கினேன்னா டிசம்பர்ல ரெண்டு பேருக்கும் கஷ்டம்லா" என்றாள். உன்னைத் தேடவே இல்லை என்று ஆறுதலாகத்தான் சொன்னாள். அத்தையிடம் விஷம் கிடையாது. பூ வைத்துக் கட்டுவது அவளே செய்து பார்த்தது. கிளீட்டஸ் பத்து மாதக் குழந்தையாக இருக்கும்போது மாமாவுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்து, பிள்ளையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு அவளும் போனாள். ஒரு வருஷம் என்று போய் ஐந்து வருஷம். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கிளீட்டஸ் அவளை மஸ்கட்டம்மா என்று கூப்பிட்டிருக்கிறான். வீட்டில் அது பெரிய வேடிக்கை. கிறிஸ்துமஸுக்குச் சொந்தக்காரர்கள் கூடினால் யாராவது ஒருத்தர், "எங்க அந்த மஸ்கட்டம்மா, கேக் வெட்டச் சொல்லுங்க" என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், கிளீட்டஸும் சிரிப்பான், அத்தை எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்து, உடனே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். "என்னையும் விட்டுட்டுத்தான் போனாங்க, நான் என்ன கெட்டா போயிட்டேன்?" என்று கிளீட்டஸ் கேட்பான். கெட்டுப்போகவில்லைதான். நல்ல மனுஷன். மழைக்காலத்தில் அவள் செருப்பை எடுத்து உள்ளே வைக்கிற மனுஷன்.

அப்போது முன்னால் ஒரு தள்ளுவண்டியில் கிடந்த குழந்தை அழ ஆரம்பித்தது. இந்த ஊர்க் குழந்தையின் அழுகையும் அதே அழுகைதான். இரண்டு பக்கமும் சுரீரென்று ஊசி குத்தி, உள்ளாடை நனைந்து, சூடாக இறங்கியது. கிளீட்டஸின் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்ததற்கு மாதாவுக்கு நன்றி சொன்னாள். அந்தத் தாய், இவள் வயசுதான் இருக்கும், அவசரமே இல்லாமல் பையிலிருந்து ஒரு முழு பன்னை எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்தாள். குழந்தை அதைச் சப்பிக்கொண்டு அமைதியானது. பல் முளைக்காத வாயில் அத்தனை பெரிய ரொட்டி. புரையேறாதா. புரையேறினால் யார் தட்டுவார்கள். ஆறாம் மாதத்தில் ஒரு சாயங்காலம் லிடியாவுக்குப் பால் புரையேறி மூச்சு நின்று, உதடு கத்தரிப்பூ நிறத்துக்குப் போனது. அத்தைதான் அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்து பிள்ளையைப் பிடுங்கி, கைமேல் கவிழ்த்துப் போட்டு முதுகில் நாலு தட்டுத் தட்டினாள். மூக்கு வழியாகப் பால் வந்தது, பிறகு அழுகை வந்தது. ஜெசிந்தா நின்றுகொண்டிருந்தாள். பிள்ளையைப் பிடித்திருந்த அதே நிலையில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, கையில் பிள்ளை இல்லாமல், நின்றுகொண்டிருந்தாள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. அத்தை, "பயந்துட்டியா, ஒண்ணுமில்ல" என்று தண்ணீர் கொடுத்தாள். அன்றிலிருந்து இந்தக் காட்சி ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது வந்துபோகும். பல் விளக்கும்போது வரும், மாடிப்படியில் வரும், இப்போது பணப்பெட்டியின் முன்னால் வந்தது. நாளைக்கு இந்த ஊரில் ஏதோ ஒரு நாலாவது மாடியில், பனிக்காலத்தில், கிளீட்டஸ் ஆபீசில் இருக்கும்போது, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவள் நிற்பாள், பாய்ந்து வர யாரும் இருக்கமாட்டார்கள். எந்த நம்பருக்கு ஃபோன் செய்வது, செய்து என்ன மொழியில் சொல்வது. கடைக்காரப் பெண் புட்டியை எடுத்து ஒளியில் காட்டிவிட்டு ஏதோ சொன்னாள். "தேங்க் யூ, வெரி நைஸ்" என்றாள் ஜெசிந்தா. அந்தப் பெண் ஏன் சிரித்தாள் என்று டிராம் நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் புரிந்தது. சில்லறை கேட்டவளிடம் ரொம்ப நன்றாயிருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள்.

வெரி நைஸ். இந்த வாரம் முழுக்க இதைத்தான் சொன்னாள். ஈர நாயின் வாசம் அடித்த முதல் வீட்டுக்கும் வெரி நைஸ். அடுத்த வீடு டிராம் பாதையின் கடைசியில், தரைத்தளத்தில், இரண்டு அறையோடு இருந்தது. சமையலறை எங்கே என்று கிளீட்டஸ் கேட்டான். இதுதான் என்று காட்டினார்கள். நாலு வெற்றுச் சுவர், ஒரு சுவரிலிருந்து மூடி போட்ட இரண்டு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அடுப்பு, அலமாரி, பாத்திரம் கழுவுகிற தொட்டி முதல்கொண்டு முன்னால் இருந்தவர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். இங்கே அதுதான் வழக்கமாம், சமையலறை என்பது குடியிருப்பவன் சொத்து, வரும்போது கொண்டுவந்து போகும்போது கொண்டுபோக வேண்டுமாம். தொட்டியைக்கூடவா என்று கிளீட்டஸ் தமிழில் முணுமுணுத்தான். அதற்கும் அவள் வெரி நைஸ் என்றாள், அவன் ஹோட்டலுக்கு வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். இன்றைக்கு நாலு மணிக்கு ஒரு வீடு. இது அவன் படத்திலேயே பார்த்து நிச்சயம் செய்துவிட்ட வீடு. ஆபீசுக்கு நடந்து போகிற தூரம், ஒரே அறைதான், ஆனால் அடுப்பிலிருந்து கரண்டிவரை எல்லாம் உள்ளே இருக்கிறது. "நீ போய்ப் பார்த்து, பிடிச்சிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துரு. முதல்ல சொல்றவங்களுக்குத்தான் குடுப்பாங்க. ரெண்டு பேருக்கு அது தாராளம்" என்று காலையில் ஷூ மாட்டிக்கொண்டே சொன்னான். சரிங்க என்றாள்.

மூன்று மணிக்கு அவள் கண்டுபிடித்துவைத்திருந்த கடைக்கு வந்தாள். வெளியே பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் ஏனோ கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். ஊரில் எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னது, அங்கே பிள்ளைக்குக் கொடுக்க ஒன்றும் கிடைக்காது என்பதுதான். உள்ளே என்ன இல்லை. பச்சரிசி இருந்தது, உடைத்த பாசிப்பருப்பு இருந்தது, நெய் மூன்று விதத்தில், உறைந்த முருங்கைக்காய், பனங்கற்கண்டு, வசம்புகூட ஒரு சின்ன பிளாஸ்டிக் உறைக்குள். நோட்டை எடுத்து ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே வந்தாள். கடைசி வரிக்கும் டிக் போட்டுவிட்டு நின்றபோது சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது ஒருவிதக் கலக்கம். ஒன்றும் கிடைக்காது என்கிற சுவரில் இத்தனை நாள் சாய்ந்துகொண்டிருந்திருக்கிறாள், சுவர் இப்போது நகர்ந்துவிட்டது. பொருளாலே இல்லை என்றால் பிறகு எதனாலே. நீட்டிய இரண்டு கையாலே. அது நோட்டில் எழுதாத வரி.

"என்ன தங்கச்சி, கணக்கெடுக்க வந்த ஆள் மாதிரி எழுதிக்கொண்டு திரியிறீர்?" என்று பணப்பெட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. நாற்பது வயதிருக்கும், குட்டை முடி, மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றியிருந்தாள். முட்டைப் பெட்டி வாங்கிக்கொண்டிருந்த ஒருத்தர், "வதனியக்கா, பேந்து வாறன்" என்று சொல்லிக் கதவைத் திறந்துகொண்டு போனார்.

"இல்லக்கா, சும்மா பார்த்தேன். டிசம்பர்ல இங்க வர்றோம்."

"இந்தியாவோ? எவடம்?"

"தூத்துக்குடி."

"ஐயோ, பக்கத்து வீடு! கடலுக்கு அங்கால நீங்கள், இங்கால நாங்கள். உந்தக் கோட்டு ஆற்ற? இன்னொரு ஆளும் உள்ளுக்கு நிக்கலாம் போல கிடக்கு."

"அவங்களோடதுக்கா" என்று சிரித்துவிட்டாள். இந்த ஐந்து நாளில் கணவனைத் தவிர வேறொருத்தரிடம் தமிழில் சிரித்தது இப்போதுதான். சிரிப்பு முடிவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று கேட்டாள். "மல்லிகைப்பூ இருக்குமாக்கா?"

"வெள்ளிக்கிழமை எண்டபடியா வந்திருக்கு. பின்னேரம் கோயிலுக்குப் போற ஆக்கள் எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போயிடுவினம், நீர் நல்ல நேரத்துக்கு வந்தனீர்." வதனி குளிர்பெட்டியைத் திறந்து வாழையிலைச் சுருளை எடுத்துப் பிரித்தாள். "எத்தினை முழம்?"

எத்தனை முழம். ஒரு பக்கத்துக்கு ஒரு முழமா, இரண்டா. அத்தை அளவு சொல்லவில்லை. "நாலு முழம்" என்றாள்.

"நாலோ! என்ன, கலியாண வீட்டுக்கோ?" என்று கேட்டுக்கொண்டே வதனி முழங்கையை மடக்கி அளந்தாள். குளிரிலிருந்து வந்த பூ மெல்ல மெல்ல மூச்சுவிட ஆரம்பித்து, கடைக்குள் இருந்த மசாலா வாசத்தையெல்லாம் தள்ளிக்கொண்டு வந்து ஜெசிந்தாவின் முகத்தில் நின்றது. அந்த நொடியில்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது. அத்தை மல்லிகைப்பூ வைப்பதில்லை. கல்யாணம் ஆகி இந்த மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட வைத்து இவள் பார்த்ததில்லை. கனகாம்பரம் வைப்பாள், டிசம்பர்ப் பூ வைப்பாள், கோயில் திருவிழாவில் மூட்டை மூட்டையாக மல்லிகை வந்து எல்லாப் பெண்களும் தலை நிறைய வைத்துக்கொள்ளும்போது அவள் மட்டும் தள்ளிப்போய் நிற்பாள். கேட்டால், "எனக்கு அந்த வாசம் ஆகாதுடி, தலை வலிக்கும்" என்பாள். கல்யாணத்தன்று மல்லிகை வைத்திருந்த ஜெசிந்தாவைக் கட்டிப்பிடித்தபோதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பிடித்தாள், அதை நினைத்து இவள் ஒரு மாதம் அழுதிருக்கிறாள், மாமியாருக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று. முப்பது வருஷத் தலைவலி. மூன்று நாளில் வற்றிவிடும் என்று சொன்னாளே, எது வற்றியது, எது வற்றவில்லை. ஜாக்கெட்டுக்குள் வாடிக் கருத்த பூவை உருவி எடுத்து எங்கே போட்டிருப்பாள், அப்போது அவளுக்கு வயது என்ன, இருபத்து மூன்றா, அவளிடம் யாரேனும் உனக்கும் அதானே சரி என்று கேட்டிருப்பார்களா, அவளும் தட்டைப் பார்த்துக்கொண்டே...

"திரும்பும்" என்றாள் வதனி.

"என்னக்கா?"

"தலையைத் திருப்பும். பையிக்குள்ள வச்சா நசிஞ்சு போகும். நானே வச்சுவிடுறன்." அவள் பணப்பெட்டியைச் சுற்றி வந்து, இரண்டு கொண்டை ஊசியை வாயில் கடித்துக்கொண்டு, ஜெசிந்தாவின் பின்னலைப் பிடித்தாள். தலைக்கு இல்லை அக்கா, இது வேறு காரியத்துக்கு என்று சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது. பழக்கமில்லாத கை, ஆனால் தயங்காத கை, பூவை நாலு மடிப்பாக மடித்துத் தூக்கிப் பிடித்துக் குத்தியது. "பிள்ளை குட்டி ஏதும் இருக்கோ?" என்று ஊசியைக் கடித்தபடியே வதனி கேட்டாள்.

"ஒண்ணு. எட்டு மாசம்."

"எங்க, அவரோட நிக்குதோ?"

"ஊர்ல."

வதனியின் கை ஒரு நொடி நின்றது, பிறகு இரண்டாவது ஊசி உள்ளே போனது. "அப்ப பால் கட்டி நிக்கும் உமக்கு" என்றாள். பணப்பெட்டிக்குத் திரும்பி வந்து காசை எண்ணிப் போட்டுக்கொண்டு, "கோட்டைக் கழட்டிப்போட்டு நட, பூவை மூடுது" என்று 'நீர்' என்பதை விட்டு 'நீ' என்பதற்கு வந்துவிட்டிருந்தாள்.

டிராமில் எதிரில் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். பூவைக் கழற்றிவிடலாம். கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, வீட்டைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஹோட்டலுக்குப் போய் அத்தை சொன்ன மாதிரி கட்டிக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறும்போது எல்லாம் முடிந்திருக்கும். கை மேலே போனது. ஊசியைத் தொட்டது. தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கி மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எட்டு மாதத்தில் இந்தக் கை என்னவெல்லாம் செய்திருக்கிறது. நகம் வெட்டியிருக்கிறது, மூக்குச்சளி எடுத்திருக்கிறது, தூக்கத்தில் நெற்றியைத் தொட்டுச் சூடு பார்த்திருக்கிறது, ஒரு சாயங்காலம் மட்டும் நின்றுபோயிருக்கிறது. ஒரே ஒரு சாயங்காலம். அதன்பிறகு புரையே ஏறவில்லையா. ஏறியதே, போன மாதம்கூட, ராத்திரி, எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தபோது. லேசாகத்தான். ஜெசிந்தா கவிழ்த்துப் போட்டாள், தட்டினாள், சரியாகிவிட்டது, லிடியா மறுபடி தூங்கிவிட்டாள். காலையில் யாரிடமும் சொல்லக்கூட இல்லை, சொல்லும்படி ஒன்றும் நடக்காததால். அது ஏன் ஒரு நாளைக்கு இரண்டு தடவை வந்துபோவதில்லை. டிராம் வளைவில் திரும்பியபோது நெஞ்சு இரண்டும் கல்லாக அசைந்து வலித்தது, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே அவள் இந்தப் புதுக் கேள்வியை ஓரமாகத் தள்ளாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

வீடு படத்தில் இருந்ததைவிட நன்றாக இருந்தது. தரகுப் பெண் ஃப்ராவ் லின்டெமான் சின்ன வயசு, நெட்டையாக, பொறுமையான ஆங்கிலம் பேசினாள். மேற்குப் பார்த்த ஜன்னல், வெளிச்சம் தரையில் பாய் விரித்த மாதிரி கிடந்தது. கட்டில் இங்கே, சாப்பாட்டு மேஜை அங்கே, மேஜைக்கு இரண்டு நாற்காலி, அலமாரியில் இரண்டு தட்டு, இரண்டு கிண்ணம், இரண்டு காபிக் கோப்பை. ஜெசிந்தா இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். இரண்டு முள்கரண்டி. ஒருத்தர் மனசை ஒருத்தர் நோகடிக்காமல் இங்கே ஒரு வருஷம் சுகமாக இருக்கலாம் போலிருந்தது. வெரி நைஸ் என்று வாய் திறக்கப்போனபோது, உள்ளாடையைத் தாண்டி, சட்டையைத் தாண்டி, கோட்டின் உள்துணிவரை ஈரம் வந்துவிட்டது தெரிந்தது. கான்வென்ட்டில் பாத்ரூம் போக வேண்டுமென்றால் எழுந்து நின்று, கையைத் தூக்கி, முழு வாக்கியமாகக் கேட்க வேண்டும். கேட்க வெட்கப்பட்டு மூன்றாம் வகுப்பில் பெஞ்சிலேயே போய்விட்டு மணி அடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்த பிள்ளை இவள். தன் கை தோள்வரைக்கும் உயர்ந்துவிட்டதை இப்போது கவனித்து இறக்கினாள். "உங்கள் குளியலறையை ஒரு பத்து நிமிஷம் உபயோகிக்கலாமா" என்று கேட்டாள். தாராளமாக என்றாள் அந்தப் பெண்.

கதவைத் தாழிட்டு, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டி, சட்டைப் பொத்தானை அவிழ்த்தாள். கண்ணாடியில் தலைக்குப் பின்னாலிருந்து பூ இரண்டு பக்கமும் எட்டிப்பார்த்தது. கைத்தொட்டியின்மேல் குனிந்து, விரலால் மேலிருந்து நீவிக்கொண்டு வந்தாள், முதலில் வரவில்லை, பல்லைக் கடித்து மறுபடி நீவினாள், பிறகு மூன்று நாலு நூலாகப் பிரிந்து பீய்ச்சியடித்தது. இத்தனையா. பதினெட்டு மணி நேரமாகக் கறக்காமல் விட்டும், தேடவே இல்லை என்று சேதி வந்தும், ஐயாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டும், இத்தனையா. உடம்புக்கு யாரும் இன்னும் தகவல் சொல்லவில்லை. அது பாட்டுக்கு மூன்று மணி நேரத்துக்கொரு தரம் பிள்ளைக்கு ஆக்கி வைத்துக்கொண்டிருக்கிறது, பிள்ளை வந்து கேட்கும் என்று. அழுகை வருமென்று பார்த்தாள், வரவில்லை. ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் மாற்றிக்கொண்டபோது உடம்பு தளர்ந்து கொட்டாவிதான் வந்தது. வெந்நீர்க் குழாயைத் திருகினால் உடனே சூடாக வந்தது. நல்ல குழாய். கையைக் கழுவி, தொட்டியைக் கழுவி, ஒரு துளிகூடப் படிந்திருக்காமல் துடைத்துவிட்டு, பொத்தான்களைச் சரியான துளையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

ஃப்ராவ் லின்டெமான் ஜன்னலடியில் நின்று ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். உங்கள் கணவர் மின்னஞ்சலில் எல்லாம் அனுப்பிவிட்டார், எனக்கு ஒன்றிரண்டு விவரம்தான் வேண்டும் என்றாள். பெயர், பிறந்த தேதி, என்றைக்குக் குடிவருகிறீர்கள். பிறகு பேனாவைத் தாளில் வைத்தபடியே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "குடியிருக்கப்போவது இரண்டு பேர், இல்லையா" என்றாள்.

"மூன்று பேர்" என்றாள் ஜெசிந்தா.

பேனா நின்றது. அந்தப் பெண் மிகவும் வருத்தப்பட்டாள், நிஜமாகவே வருத்தப்பட்டாள். இந்த வீடு இரண்டு பேருக்குத்தான், உரிமையாளர் அதற்குமேல் விடமாட்டார், குழந்தையோடு என்றால் இங்கே உங்களுக்கே மூச்சு முட்டும் என்று ஏதேதோ சொன்னாள். ஜெசிந்தா கேட்டுக்கொண்டிருந்தாள். பயம் வந்தது, வராமல் என்ன. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை. ஒரு கணக்குக்கு விடை சொன்ன மாதிரி சும்மா இருந்தது மனசு. படியிறங்கித் தெருவுக்கு வந்து, கிளீட்டஸைக் கூப்பிட்டாள்.

"சொல்லு ஜெசி. முடிஞ்சுதா? நல்லா இருக்கா?"

"வீடு நல்லா இருக்குங்க. நமக்குக் கிடைக்காது."

"ஏன், வேற யாருக்கும் குடுத்துட்டாளா? நாமதானே முதல்ல!"

"எத்தனை பேருன்னு கேட்டா. மூணு பேருன்னு சொன்னேன். ரெண்டு பேருக்கு மேல விடமாட்டாங்களாம்."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கூட்டத்திலிருந்து தனியே வந்திருக்கிறான். "ஜெசி, நாம பேசி முடிவெடுத்தோம்லா?"

"ஆமா."

"நீயும் சரின்னுதானே சொன்னே?"

"சொன்னேன்."

"பிறகு என்னத்துக்கு மூணுன்னு சொன்னே?"

என்னத்துக்கு. சொல்ல ஆயிரம் இருந்தது, பால், பூ, புட்டிகள், மஸ்கட், ஒன்றும் வரிசைக்கு வரவில்லை. எதிர் வீட்டில் ஒரு கிழவி ஜன்னலைத் திறந்து கம்பளத்தை உதறிக்கொண்டிருந்தாள். "எண்ணிப் பார்த்தேங்க" என்றாள் ஜெசிந்தா. "மூணுதான் வந்துச்சு."

கோபமா என்று காதைத் தீட்டிக் கேட்டாள். மூச்சு மட்டும்தான் கேட்டது, பெரிய மனுஷனின் மூச்சு, அதற்குள்ளே வேறொரு பத்து மாதத்து மூச்சும் இருக்குமோ என்னவோ. பிறகு, "அம்மாகிட்ட யாரு சொல்றது?" என்றான்.

"நான் சொல்றேன்."

"அழுவாங்க, ஜெசி. ரொம்ப அழுவாங்க."

"அழட்டும்ங்க" என்றாள். "ஃபோனை வைக்காம நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்."